ஆறு – நான்கு – மூன்று

பேஸ்பால் மைதானத்தில் என் மடியில் ஒரு அட்டையும் அதில் செருகிய தாளும் இருப்பதைப் பார்த்தால் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எல்லாம் போனிலேயே வருகிறதே, எதற்கு எழுதுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. பந்தின் வேகம், அது எத்தனை முறை சுழன்றது, மட்டையில் பட்டு எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று சகலமும் சில நொடிகளில் போனில் வந்துவிடுகிறது. 2015 முதல் பெரிய லீக் மைதானங்கள் அனைத்திலும் அதற்கென்றே கருவிகள் வைத்திருக்கிறார்கள். என் பென்சில் அவற்றோடு எந்தப் போட்டிக்கும் போகவில்லை.

எழுதாவிட்டால் நான் ஆட்டத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பந்து போன திசையில் தலை திரும்பும், கூட்டம் கத்தினால் நானும் கத்துவேன். ஆனால் மூன்றாவது இன்னிங்ஸில் யார் எப்படி அவுட் ஆனார் என்று கேட்டால் முழிப்பேன். கையில் பென்சில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பந்தை முதலில் எடுத்தது யார், யாரிடம் எறிந்தார், அங்கே கால் பேஸில் இருந்ததா, இதெல்லாம் தெரியாமல் கட்டத்தை நிரப்ப முடியாது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு அணியிலும் ஒன்பது பேட்டர்கள், மாறாத வரிசையில் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு முறைக்கு மூன்று அவுட். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். தாளில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆட்டக்காரர்களின் பெயர், மேலே குறுக்காக இன்னிங்ஸ் எண். நடுவே இருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் மைதானத்தைப் போலவே ஒரு சின்ன வைரவடிவம் மங்கலாக அச்சாகியிருக்கும். அதன் மூலைகள்தான் பேஸ்கள், அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடங்கள். பேட்டர் முதல் பேஸுக்குப் போனால் அதன் ஒரு பக்கத்தை அழுத்தி வரைய வேண்டும், இரண்டாவதுக்குப் போனால் இரண்டு பக்கம். முழுதாகச் சுற்றி வீடு திரும்பினால் ஒரு ரன், உள்ளே கறுப்படித்துவிடலாம்.

அவுட் ஆனவரின் கட்டத்தில்தான் சுவாரசியம். தடுப்பாளர்கள் ஒன்பது பேருக்கும் நிற்கும் இடத்தை வைத்து ஒரு எண் உண்டு. பந்தை எறியும் பிட்ச்சர் 1, பேட்டருக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்ச்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. வெளியே தூரத்தில் இடது 7, நடு 8, வலது 9. சட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்று அந்த இடத்தில் யார் நின்றாலும் எண் அதுவே.

முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். பேட்டர் அடித்த பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. அவர் எடுத்து இரண்டாவது பேஸ்காரருக்குத் தட்டிவிட, அவர் பேஸை மிதித்துவிட்டு உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிகிறார். இரண்டு பேஸுக்கும் ஓடுபவருக்கு முன்பே பந்து வந்துவிட்டதால், நான்கு நொடி சொச்சத்தில் இரண்டு பேர் காலி. தாளில் இது 6-4-3. பேஸ்பால் தெரிந்தவரிடம் இந்த மூன்று எண்ணை மட்டும் சொன்னால் போதும், கண்முன்னே ஓடிவிடும்.

சின்ன வயதில் எங்கள் ஊர் மைதானத்தில் கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். அங்கே கேட்ச் பிடித்தால்தான் பீல்டர் பெயர் நோட்டில் ஏறும். ரன் அவுட்டில் பல நேரம் அதுவும் கிடையாது. பாயின்ட்டில் பாய்ந்து விழுந்து நான்கு ரன்னைத் தடுத்தவனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு புள்ளி. அந்தப் புள்ளியும் பந்து வீசியவன் கணக்கில். பேஸ்பால் தாளைப் பார்த்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான். பந்தைக் கையில் வாங்கி அவுட்டுக்கு உதவிய ஒவ்வொருவனின் எண்ணும் அதில் இருக்கிறது. முழங்கால் சிராய்க்கப் பந்தை நிறுத்திய ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒரு ஆறு நிச்சயம்.

இந்த எழுத்துமுறையை வளர்த்த ஆளே கிரிக்கெட்டிலிருந்து வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்தார். 1837இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து புரூக்ளினில் வளர்ந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். 1850களில் பேஸ்பால் பக்கம் பார்வை திரும்பியது. கிரிக்கெட்டின் ஸ்கோர்கார்டு பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, ஆட்டத்தை எண்களால் சுருக்கிச் சொல்லும் பாக்ஸ் ஸ்கோரைப் பத்திரிகைகளில் நிலைநிறுத்தினார். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு, அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை கோட்டைவிட்டு பேட்டர் அவுட் ஆவதற்கு, 'கே' என்ற ஆங்கில எழுத்தைப் போடுவது அவர் வைத்த வழக்கம். 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து அது. சாட்விக் இறந்தது 1908இல். ஆனால் இன்றும் நல்ல பிட்ச்சர் ஒருவர் வீசும் இரவில், மேல் வரிசை ரசிகர்கள் ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் ஒரு 'கே' அட்டையைக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிடுகிறார்கள்.

'கே'யிலும் இரண்டு வகை. மட்டையை வீசி ஏமாந்தால் நேர் 'கே'. மூன்றாவது ஸ்ட்ரைக்கை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்ட 'கே'. பெரிய லீகின் இறுதிச் சுற்றுக்கு உலகத் தொடர் என்று பெயர். 1956 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன், எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடாமல் 27 பேரையும் அவுட் ஆக்கினார். உலகத் தொடரில் இன்றுவரை அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். கடைசி பேட்டர் டேல் மிட்செல் வீசலாமா வேண்டாமா என்று மட்டையைப் பாதியில் நிறுத்தினார், நடுவர் ஸ்ட்ரைக் என்று கையை உயர்த்திவிட்டார். அன்று மைதானத்தில் தாள் வைத்திருந்தவர்கள் கடைசிக் கட்டத்தில் போட்டிருக்க வேண்டியது அந்தத் திரும்பிய 'கே'.

நான் இதைக் கற்றுக்கொண்டது பெரிய மைதானத்தில் இல்லை. நாங்கள் இருப்பது மிஷிகனில், டெட்ராய்ட்டை ஒட்டி. மகன் லிட்டில் லீக்கில் சேர்ந்தபோது பயிற்சியாளர் பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஸ்பைரல் நோட்டைத் தூக்கிக் காட்டி, யார் எழுதுகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். நான் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியவன் என்று வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் அந்த நோட்டு என்னைவிட்டுப் போகவில்லை.

சின்னப் பையன்கள் ஆட்டம்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே ஸ்கோர் எழுதுபவருக்கு உண்மையான பொறுப்பு உண்டு. வளரும் பையன்களின் தோளையும் முழங்கையையும் காக்க 2007 முதல் லிட்டில் லீக்கில் எறியும் பந்துகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 9, 10 வயதுப் பையன் ஒரு நாளில் 75 பந்து எறியலாம். 66ஐத் தொட்டுவிட்டால் பிறகு நான்கு நாள் ஓய்வு. அதனால் 60ஐத் தாண்டியதும் பயிற்சியாளர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்ப்பார், நான் விரலால் எண்ணைக் காட்டுவேன். எதிரணியின் ஸ்கோர்காரரும் நானும் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் கணக்கை ஒப்பிட்டுக்கொள்வோம். பல பெற்றோருடன் நட்பானது இப்படித்தான்.

சில பெற்றோருடன் மனக்கசப்பானதும் அந்த நோட்டால்தான். அடித்த பந்து பீல்டரின் கையுறையில் பட்டு நழுவியது, பேட்டர் முதல் பேஸுக்குப் போய்விட்டான். இது ஹிட்டா, எர்ரரா? ஹிட் என்றால் அடித்தவனுக்குப் பெருமை. எர்ரர் என்றால் தடுத்தவன் பெயரில் கறை, அடித்தவனுக்கும் ஒன்றும் கிடையாது. முடிவு என்னுடையது. பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்: "அண்ணா, அது ஹிட்டுதானே? ஹிட்னே போடுங்களேன்." நழுவவிட்ட பையனின் அப்பா அதே வரிசையில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். அவரும் அதே முடிவைத்தான் விரும்புவார் என்பது ஒரு வசதி.

இதற்கு விதிப்புத்தகம் சொல்லும் அளவுகோல் 'சாதாரண முயற்சி'. அந்த லீகில், அந்த இடத்தில் ஆடும் சராசரி ஆட்டக்காரர், அன்றைய மைதானத்தையும் வானிலையையும் கணக்கில் கொண்டு பார்த்தால், சாதாரணமாக முயன்றே பிடித்திருக்க முடியுமா? முடியும் என்றால் எர்ரர். பத்து வயது லீகின் சராசரி மூன்றாவது பேஸ்காரனை நினைத்துப் பாருங்கள். அவன் வேகமாக வரும் பந்தைக் கண்டால் பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வான். விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அங்கே அநேகமாக எல்லாமே ஹிட்தான். நான் தாராளமாகத்தான் போட்டேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

பெரிய லீகில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே பத்திரிகையாளர் மாடத்தில் ஒரு அதிகாரபூர்வ ஸ்கோரர் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களே அந்த வேலையைப் பார்த்தார்கள். 1941இல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், இன்றுவரை யாரும் அதை நெருங்கவில்லை. அதில் 30ஆவது ஆட்டத்தில், ஜூன் 17 அன்று, அவர் அடித்த பந்து தரையில் குதித்து சிகாகோ ஷார்ட்ஸ்டாப் லூக் ஆப்ளிங்கின் தோளில் மோதித் தெறித்தது. நியூயார்க் பத்திரிகைக்காரரான டான் டேனியல் ஹிட் என்று எழுதினார். எர்ரர் என்று எழுதியிருந்தால் தொடர் 29இல் முடிந்திருக்கும். அமெரிக்கா முழுக்கப் பேசும் ஒரு சாதனைக்குள் மாடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நொடி நேரத் தீர்ப்பு இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது பிடிக்கும். தீர்ப்பு தேவைப்படாத இடத்தில் ஸ்கோர்காரருக்கு என்ன வேலை?

மிஷிகனில் நவம்பர் தொடங்கி மார்ச் கடைசி வரை பனிதான். அந்த மாதங்களில் யூடியூபில் பழைய ஆட்டங்களை முழுதாகப் போட்டு உட்கார்ந்து எழுதுவேன். முடிவு தெரிந்த ஆட்டத்தை எழுதுவதில் என்ன இருக்கிறது என்று மனைவி கேட்பதுண்டு. எங்கள் ஊர் அணியான டெட்ராய்ட் டைகர்ஸின் ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன்.

2010 ஜூன் 2, கோமெரிகா பார்க், எதிரணி கிளீவ்லேண்ட். அர்மாண்டோ காலராகா என்ற, அதுவரை பெரிதாகப் பேசப்படாத பிட்ச்சர் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். யாரும் முதல் பேஸைத் தொடவில்லை. இன்னும் ஒரு அவுட் விழுந்தால் பெர்ஃபெக்ட் கேம். அந்த நாள்வரைக்கும் பெரிய லீக் வரலாற்றில் அப்படிப்பட்ட ஆட்டங்கள் 20தான் இருந்தன. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பந்தை நடுவெளியில் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்தார். என் தாளில் அது எஃப்-8 (உயரப் பறந்த பந்தை நடுவெளிக்காரர் பிடித்தார்), பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. அடுத்தவர் 6-3. அடுத்து ஜேசன் டொனால்ட். தரையோடு போன பந்தை மிகேல் கப்ரேரா வலப்பக்கம் நகர்ந்து எடுத்து, முதல் பேஸுக்கு ஓடிவந்த காலராகாவுக்கு எறிந்தார். பந்து கையுறைக்குள், கால் பேஸில், ஓடி வந்தவர் ஒரு அடி பின்னால். 3-1. எழுதிவிடலாம்.

நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்தார். அவுட் இல்லை.

அரங்கமே கத்தியது. காலராகா கத்தவில்லை. ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, பந்து எறியும் மேட்டுக்குத் திரும்பி நடந்து, அடுத்தவரை 5-3இல் அவுட் ஆக்கினார். ஆட்டம் முடிந்து ரீப்ளே பார்த்த ஜாய்ஸ் உடைந்துபோய், தவறு என்னுடையதுதான் என்று பத்திரிகையாளர்களிடமே சொன்னார், காலராகாவிடம் மன்னிப்பும் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் டைகர்ஸ் அணியின் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வந்தவர் காலராகா. வாங்கிய ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். லீக் ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட தீர்ப்புகளை வீடியோ பார்த்துத் திருத்தும் முறை 2014இல்தான் வந்தது.

சரி, டொனால்டின் கட்டத்தில் என்ன எழுதுவது? எர்ரர் போட முடியாது, கப்ரேராவும் காலராகாவும் எதையும் நழுவவிடவில்லை. களத்தில் பிழை செய்யக்கூடிய ஒன்பது பேருக்கும் எண் கொடுத்த சாட்விக்கின் வாரிசுகள் நடுவருக்கு எண் கொடுக்கவில்லை. நடுவரின் தவறைக் குறிக்க இந்த எழுத்துமுறையில் ஒரு வழியும் கிடையாது. அதிகாரபூர்வ ஏட்டில் அது ஒரு சாதாரண ஹிட்டாக இருக்கிறது. நானும் ஹிட் என்றே எழுதினேன், கட்டத்தின் மூலையில் 3-1 என்று சின்னதாகப் போட்டு ஒரு வட்டமும் போட்டேன். ரப்பரை எடுக்கவில்லை. நடந்ததை எழுதுவதும் பார்த்ததை எழுதுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் கட்டத்தில் மட்டும் இரண்டும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன.

அந்த ஆட்டத்தின் கடைசி வேடிக்கை கூட்டலில் இருக்கிறது. பேஸ்பாலில் ஸ்கோர் தாள் சரியா என்று சோதிக்க ஒரு சமன்பாடு உண்டு. என் தாத்தா மளிகைக் கடையில் ராத்திரி பேரேட்டை மூடும்முன் வரவையும் செலவையும் நேர் பார்ப்பது போன்றதுதான். இடது பக்கத்தில் அடிக்க வந்தவர்கள் எல்லோரும்: சாதாரணமாக ஆடியவர்கள், அடிக்க வாகில்லாத நான்கு பந்து வந்ததால் சும்மா முதல் பேஸுக்கு நடந்தவர்கள், உடம்பில் பந்து பட்டுப் போனவர்கள், தன்னைக் கொடுத்து மற்றவரை நகர்த்தியவர்கள். மறு பக்கத்தில் அவர்கள் என்ன ஆனார்கள்: ரன் எடுத்தவர்கள், பேஸிலேயே நின்றுபோனவர்கள், அவுட் ஆனவர்கள். வந்தவர் ஒவ்வொருவரும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் முடிய முடியும், ஆகவே இரண்டும் சமமாக இருக்க வேண்டும். கிளீவ்லேண்டுக்குப் போட்டுப் பாருங்கள். வந்தவர்கள் 28. ரன் 0, பேஸில் நின்றவர் 1, அவுட் 27. கணக்கு கச்சிதம். தீர்ப்பு தப்பாக இருந்தாலும் கூட்டல் நேராக வந்துவிடுகிறது.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்றும் இல்லை. யாங்கீஸின் பழைய ஷார்ட்ஸ்டாப் பில் ரிசூட்டோ பிற்பாடு வர்ணனையாளரானார். அவருடைய ஸ்கோர் நோட்டில் 'டபிள்யூ டபிள்யூ' என்று ஒரு குறி அடிக்கடி வந்ததைப் பார்த்து, உடன் வர்ணனை செய்த பில் வைட் என்னவென்று கேட்டார். 'வாஸன்ட் வாட்சிங்', நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம், என்றார் ரிசூட்டோ. சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவரே அப்படி. பாப்கார்ன் வாங்க வரிசையில் நின்றுவிட்டு வரும் நானும் கூச்சமில்லாமல் அதே குறியைப் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக் கிறுக்கிய தாள்கள் குப்பைக்குத்தான் போகின்றன என்றும் சொல்லிவிட முடியாது. 1989இல் டெலாவேர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித், ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். அணிகளின் அலமாரிகளிலும் பத்திரிகைக்காரர்களின் பெட்டிகளிலும் கிடந்த பழைய ஸ்கோர் தாள்களைத் தேடிச் சேர்த்து, ஆட்டம் ஆட்டமாகக் கணினியில் ஏற்றினார்கள். இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பல பழைய ஆட்டங்களில் எந்த இன்னிங்ஸில் என்ன நடந்தது என்பது இன்று தெரிவதே யாரோ பென்சிலால் எழுதிவைத்ததால்தான்.

என் பென்சிலுக்கு இப்போதெல்லாம் அவசரம் கூடிவிட்டது. 2023இல் பிட்ச்சர் இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு, சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய ஆட்டம் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. எழுதி நிமிர்வதற்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இது நல்ல மாற்றம்தான், எனக்கும் புகார் இல்லை. என் புகார் வேறு.

2020இல் வந்து 2023இல் நிரந்தரமான ஒரு விதிப்படி, ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால் பத்தாவதிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இரண்டாவது பேஸில் ஒருவரைச் சும்மா கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். அவர் அடிக்கவில்லை, நடக்கவில்லை, பந்து படவில்லை. கட்டத்தில் இரண்டு பக்கம் வரைய வேண்டும், ஆனால் ஏன் வரைந்தேன் என்பதற்குக் குறி இல்லை. அதைவிட மோசம், பழைய சமன்பாடு உடைகிறது. வந்தவர்கள் பக்கத்தில் அவர் இல்லை, முடிவுப் பக்கத்தில் மட்டும் ரன்னாகவோ, பேஸில் நின்றுபோனவராகவோ, அவுட்டாகவோ வந்து நிற்கிறார். "இடது பக்கம் ஒன்று கூட்டிக்கோங்களேன்பா, அவ்வளவுதானே" என்கிறான் மகன். அவ்வளவுதான். இருந்தும் ஒவ்வொரு முறையும் எரிச்சலாக இருக்கிறது.

நல்லவேளை, அக்டோபர் பிளே-ஆஃப் ஆட்டங்களில் அந்த விதி கிடையாது. 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸும் டொராண்டோ புளூ ஜேஸும், 18 இன்னிங்ஸ் போனது. எங்கள் நேரத்துக்கு விடியற்காலை மூன்று மணியை நெருங்கியபோது டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம்ரன் அடித்து 6-5 என்று முடித்தார். இரண்டாவது தாள் தேவைப்பட்டது. அதில் டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஒட்டானியின் வரிசையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்: டபுள் (இரண்டாவது பேஸ்வரை போன அடி), ஹோம்ரன், டபுள், ஹோம்ரன். பிறகு அடிக்கவே விடாமல் வேண்டுமென்றே நடக்கவிட்டது நான்கு முறை, வரிசையாக. கடைசியில் சாதாரணமாக நடந்தது ஒரு முறை. ஒன்பது முறை வந்து ஒன்பது முறையும் பேஸில். எதிரணிக்கு எந்த இன்னிங்ஸிலிருந்து பயம் பிடித்தது என்று அந்த வரிசையிலேயே தெரிகிறது. கூட்டிப் பார்க்க அன்றிரவு தெம்பில்லை. மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இரண்டு அணிக்கும் கூட்டினேன். இடது பக்கம் எதையும் சேர்க்காமலே நேராக வந்தது.